ஆற்றை பக்கத்தாலை வந்தது?

எழுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியொன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தேன். பரம்பரையாக வரும் இரத்த நோய்களை ஆராயவென்று வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவள் நான். ஆனால் நாளின் பெரும்பகுதி மற்ற டொக்டர்மார் அனுப்பும் இரத்தத்தைப் பார்ப்பதிலேயே போகும்.

ஒருநாள் வடகரைப் பட்டினமொன்றிலிருந்து ஒரு தாய் தன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஐந்து வயதுப் பிள்ளை. பார்த்தால் மூன்றுதான் சொல்லலாம். உதடு வெளிறி, வயிறு முன்னுக்குத் தள்ளியிருந்தது. பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மருந்தும் மாறி மாறிக் கொடுத்தும் இரத்தம் ஊறவில்லையாம். நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். செவ்வணுக்கள் சிறுத்து, நிறம் மங்கி, உருக்குலைந்து கிடந்தன. தலசீமியா. தாய் தகப்பன் இருவரையும் சோதித்தேன். இருவரிலும் அதன் கூறு இருந்தது. பிள்ளையை வாட்டில் படுக்கவைத்து இரத்தம் ஏற்றினோம்.

"ஆற்றை பக்கத்தாலை வந்தது, டொக்டர்?" யாருடைய வழியால் என்று தாய் கேட்டாள்.

"ரெண்டு பக்கத்தாலையும். ஒரு பக்கத்தாலை மட்டும் வந்திருந்தால் பிள்ளைக்கு இந்த வருத்தம் வந்திராது."

அவள் பிள்ளையை மடியில் ஏற்றிக்கொண்டாள். "இதை எங்கடை மாமிக்கு நீங்கள் வந்து சொல்லுவியளோ? நான் சொன்னால் நம்பமாட்டா."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊசியும் போத்தல்களுமாக பஸ் ஏறினேன். மாமியார் அவளுக்கு வெளியாள் அல்ல, அவளுடைய தகப்பனின் கூடப்பிறந்த தங்கச்சி. அப்படியிருந்தும், பேரனுக்கு வந்த வருத்தம் மருமகளின் தாய்வழியால் வந்ததென்றே சொல்லிக்கொண்டிருந்தா. "எங்கடை ஆக்களிட்டை இப்பிடியொண்டும் இல்லை. வேணுமெண்டால் எடுத்துப் பாருங்கோ" என்று கையை நீட்டினா. அவ நீட்டியதால், அங்கே வந்திருந்த மருமகளின் தகப்பனும் தங்கச்சியும் உட்பட வீட்டில் மற்றவர்களும் நீட்டினார்கள்.

அடுத்த கிழமை முடிவோடு போனேன்.

"உங்களிட்டையும் இருக்கு. உங்கடை அண்ணையிட்டையும் இருக்கு."

"அப்ப எங்கடை அப்புவிட்டை இருந்து வந்ததோ?"

"அப்பாவிட்டை இருந்தோ அம்மாவிட்டை இருந்தோ வந்திருக்கலாம்."

"அப்பு கப்பலோட்டின மனுசன். பர்மாவுக்குப் போய் வந்தவர். ஒருநாள் காய்ச்சலெண்டு படுத்ததில்லை."

"ஒரு பங்கு மட்டும் இருந்தால் படுக்கத் தேவையில்லை. நீங்களும் நல்லாத்தானே இருக்கிறியள்."

அவ அதை யோசித்தா. பிறகு, நான் எப்படிச் சொல்வதென்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்த விடயத்தை அவவே கேட்டா. இளைய மகனுக்கும் மருமகளின் தங்கச்சிக்கும் கலியாணம் பேசி நாளும் வைத்திருந்தார்கள். "அவையளுக்கு?"

"ரெண்டு பேருக்கும் இருக்கு. பிறக்கிற பிள்ளையள் எல்லாருக்கும் வருமெண்டில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நாலில் ஒரு பங்கு பயம் இருக்கு."

"நாலில் மூண்டு பங்கு நல்லதுதானே?"

கதவடியில் நின்ற தங்கச்சிக்காரி அப்போதுதான் வாய்திறந்தாள். "மாமி, இரத்தம் ஏத்தேக்குள்ளை அவன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தது நான். என்னாலை ஏலாது."

கலியாணம் நின்றது. இளையவன் கொழும்புக்குப் போய்க் கப்பலில் வேலை தேடிக்கொண்டான். அதன்பின் மாமியார் என்னோடு கதைக்கவில்லை. மருமகளுக்கு ஏலாத நாட்களில் பேரனைக் கூட்டிவருவா. வாசல் வாங்கில் அமர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பா.

பிள்ளைக்குத் தொடர்ந்து மாதந்தோறும் இரத்தம் ஏற்றினோம். ஏற்றிய மறுநாள் வாட்டில் ஓடித்திரிவான். ஒருமுறை தன் இரத்தத்தைப் பார்க்க வேண்டுமென்றான். கதிரையில் ஏற்றிக் காட்டினேன். பிறகு என்னுடையதையும் பார்த்துவிட்டு, "உங்கடை வடிவாயிருக்கு" என்றான். ஏற்றும் இரத்தத்திலுள்ள இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் படியும். அதை வெளியேற்றும் மருந்து அந்த நாளில் எங்கள் கையில் இல்லை. பத்து வயது தாண்டியதும் இருதயம் பழுதாகி இறந்துபோனான். நான் செத்தவீட்டுக்குப் போய்த் தாயோடு இருந்துவிட்டு வந்தேன்.

இரண்டொரு வருடம் கழித்து ஒரு காலை மாமியார் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தா. கூட மகளின் மகளும், அவளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையும்.

"நாள் வைக்கமுன்னம் இவையின்ரை இரத்தத்தைப் பாருங்கோ" என்றா.

பெண்ணுக்கு இருந்தது. மாப்பிள்ளைக்கு இல்லை. முடிவு கேட்க அவ தனியாகத்தான் வந்தா. கலியாணத்தைச் செய்யலாம் என்றேன். "ஓம்" என்றுவிட்டு, பஸ் போய்விடுமென்று எழும்பினா.