இசை ஓய்ந்த இடத்தில் நின்றேன்

இசை ஒரு கணம் ஓய்ந்தால் என் கால்கள் ஏன் பதற வேண்டும்? திருப்பதியில் அர்ஜென்டினா டாங்கோ நடனம் கற்கத் தொடங்கிய மூன்றாம் மாதத்தில் இக்கேள்வி என்னை எதிர்கொண்டது.

நகரியில், விசைத்தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவன் நான். தறிச் சத்தம் நின்றால் இழை அறுந்துவிட்டதென்று பொருள். உடனே ஓட வேண்டும். அந்தப் பழக்கத்தோடே ஆடினேன். ஒவ்வொரு தாளத்துக்கும் ஓர் அடி வைத்தேன். இசை ஓயும் இடங்களையும் அடிகளால் நிரப்பினேன். தாளம் தவறாததில் பெருமை வேறு.

டாங்கோவில் ஒரே இணையோடு நான்கு பாட்டுகள் ஆடுவது மரபு. நடுவில் நன்றி சொன்னால், இனி உங்களோடு ஆட விருப்பமில்லை என்று அர்த்தம். அன்று என் இணையாக ஆடியவர் சத்தியவேட்டைச் சேர்ந்த செவிலியர் பார்வதி. மூன்றாம் பாட்டு முடிந்ததும் மூச்சிரைக்க நின்றார்.

"இன்னா சார், பஸ்ஸு புடிக்கவா ஓடிக்கினு கீறீங்க? நான் ஒரு கால வைக்கறதுக்குள்ள அடுத்த எடத்துக்கு இழுக்கறீங்க. அடுத்த பாட்டும் இப்டியே போச்சுன்னா, பாதியிலயே தேங்க்ஸ் சொல்லிடுவேன்."

நான்காம் பாட்டின் நடுவே வயலின் நீண்டு தேய்ந்தது. என் கால் துடித்தது. அடக்கிக்கொண்டு நின்றேன். அந்த நிசப்தத்தில் பார்வதி தம் பாதத்தால் தரையில் மெதுவாக ஓர் அரைவட்டம் வரைந்து முடித்தார். அதற்கான நேரத்தைத்தான் மூன்று பாட்டுகளிலும் அவரிடமிருந்து நான் பறித்திருந்தேன். பிறகு இசை எழுந்தது. இருவரும் ஒன்றாக அடியெடுத்தோம்.

"இப்பதான் சார் பாட்டே காதுல வுழுந்துச்சி. அடுத்த நாலும் ஆடலாமா?" என்றார்.

பட்டம் பெற்ற நாளில்கூட நான் அவ்வளவு பெருமிதம் கொண்டதில்லை. இப்போது குறைவான அடிகளே வைக்கிறேன். இசை ஓயும்போது நிற்கிறேன்.