இடுப்பில் உரசாத ஓரம்

உறைக்காரர் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை. தலையணை உறை தைப்பவராக்கும் என்று வந்து ஏமாந்தவர்களும் உண்டு. அவர் செய்வது கத்திக்கு உறை. பிளாஸ்டிக் தகட்டை அடுப்பில் இளக வைத்து, கத்தியின் மேல் போர்த்தி, இரண்டு பலகைக்கு நடுவே அழுத்தினால், தகடு கத்தியின் உருவத்தை வாங்கிக்கொள்ளும். செருகினால் ‘டக்’கென்று கவ்வ வேண்டும், தலைகீழாகப் பிடித்தாலும் விழக் கூடாது.

இதையெல்லாம் யாரும் செய்துவிடுவார்கள். உறைக்காரரின் கிறுக்கெல்லாம் ஓரத்தில்தான். ரம்பம் அறுத்த தடத்தை அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, அப்புறம் தண்ணீர் தொட்டு மெல்லிய தாளால் தேய்த்து, கடைசியில் சுழலும் துணிச் சக்கரத்தில் தொட்டும் தொடாமலும் காட்டுவார். கொஞ்சம் அழுத்திவிட்டால் சூட்டில் ஓரம் இளகி, மூன்று நாள் பாடு வீண். முடிந்ததும் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஓட்டிப் பார்ப்பார். லேசாகச் சிராய்த்தாலும் மறுபடி முதலிலிருந்து.

“உறைக்குள்ள கத்திய வைக்கப் போறீங்களா, உங்க உசுர வைக்கப் போறீங்களா?” என்று எதிர்க்கடைத் தையல்காரர் கேலி செய்வார்.

உயிர் கப்பலில் இருந்தது. அவர் மனைவி நான்கு வருடமாகச் சரக்குக் கப்பலில் சமையல்காரி. வருடத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் தலையைக் காட்டிவிட்டுப் போவாள். முதல்முறை கிளம்பியபோது அவளுடைய கத்தியைப் போலவே மரத்தில் ஒன்று செதுக்கி வைத்துக்கொண்டார். பழைய உறை விரிசல் விட்டுவிட்டது என்று போனில் சொன்னாள். அந்த மரக்கத்தியை வைத்தே புது உறை செய்தார். கத்தியை இடுப்பில் மாட்டிக்கொண்டு நாளெல்லாம் குனிந்து நிமிர்கிறவள், இடுப்பில் உரசக் கூடாது என்று ஓரத்தைத் தேய்த்தார், தேய்த்தார், அப்படித் தேய்த்தார். இந்த முறை ‘போதும், இங்கேயே இருந்துடு’ என்று சொல்லிவிடுவது என்றும் முடிவு செய்திருந்தார்.

வந்தாள். முதல் நாள் சொல்ல வாய் வரவில்லை. மறுநாளும் பாதி போய்விட்டது. நாலு மணிக்கு வண்டி. மதியம் உறையைக் கொடுத்தார்.

“வழுவழுன்னு இருக்குங்க,” என்று ஓரத்தைத் தடவியவள், கத்தியைச் செருகிக் கவிழ்த்தாள். கத்தி நழுவி மேசையில் விழுந்தது.

அவர் முகம் செத்துவிட்டது. சக்கரத்தின் சூட்டில் உறையின் வாய் விரிந்துவிட்டதோ? மரக்கத்தியைச் செருகினார். டக்கென்று கவ்வியது. இரண்டு கத்திகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவளுடையது ஒரு நூல் குறுகியிருந்தது.

“நாலு வருசமா தெனமும் தீட்டுறேன். தேயாம என்ன செய்யும்?” என்றாள்.

இத்தனை காலம் தன்னோடு வைத்திருந்தது அவள் கிளம்பிய நாளின் கத்தியை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தீட்டத் தீட்டக் கத்தி தேயும் என்பதை எப்படி மறந்தேன் என்று வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். அங்கேயும் அவருக்குத் தெரியாத இரண்டு கோடுகள் இருந்தன.

அவசரமாக வேறு தகட்டை இளக்கி, அவளுடைய கத்தியின் மேலேயே அழுத்தி, அறுத்து எடுத்தார். இது கவ்வியது. மணி மூன்றரை.

“ஓரம் இன்னும் பிசிறா இருக்கு. மூணு நாள் ஆகும்,” என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “இருந்து வாங்கிட்டுப் போயேன்,” என்றார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

“கப்பல் நிக்காதுங்க.”

“உரசும்.”

“உரசட்டும். இடுப்புல யாரோ கிள்றாப்ல இருந்தா, அது நீங்கதான்னு நெனச்சுக்கறேன்.” சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. உறையை இடுப்பில் மாட்டிக்கொண்டு பையைத் தூக்கினாள்.

வண்டி போனதும் உறைக்காரர் பட்டறைக்குள் வந்தார். மரக்கத்தி செருகிய உறை மேசையில் கிடந்தது. தாளைத் தண்ணீரில் நனைத்து அதன் ஓரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். அதில் தேய்க்க ஒன்றும் மிச்சமில்லை என்று அவருக்குத் தெரியும்.