இரண்டாவது முடிச்சு

2004 சுனாமியில் தேவனாம்பட்டினக் கரையிலிருந்து கட்டு அவிழ்ந்து அடித்துக்கொண்டு போன படகுகளில் இசைவாணியின் அப்பா படகும் ஒன்று. அன்றிலிருந்து அம்மா அமராவதிக்கு ஒரே பாட்டுதான்: "ஒத்த முடிச்ச நம்பாதடி." கடலே எழுந்து வந்தபோது முடிச்சு எம்மாத்திரம்? ஆனால் பயந்துபோனவளிடம் நியாயம் பேசி ஆகுமா! அந்தப் பயம் மகளுக்கும் ஒட்டிக்கொண்டது. மூட்டையோ பையோ, எதைக் கட்டினாலும் மேலே இன்னொரு முடிச்சு போடுவாள்.

அந்தக் கையைத்தான் 2011-இல் செயற்கைக்கோளைக் கட்டக் கூப்பிட்டார்கள். சிதம்பரம் பக்கத்தில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் அவள் லேப் அசிஸ்டென்ட். மாணவர்கள் செய்த செயற்கைக்கோள் ஒரு ஜாண் பெட்டி. அதன் ஆன்டெனாவோ முழ நீளத்துக்கு எஃகுப் பட்டைகள்.

"நீட்டுனாப்லயே அனுப்பக் கூடாதா சார்?" என்று கேட்டாள்.

"விரிச்ச கொடையோட டவுன் பஸ்ல ஏறுவியாம்மா?" என்றார் பேராசிரியர் தட்சிணாமூர்த்தி. "ராக்கெட் மண்டைக்குள்ள எடமே கொஞ்சம். கெளம்புறப்ப ஒதர்ற ஒதறல்ல, நீட்டிக்கிட்டிருந்தா ஒடிஞ்சிடும். மடக்கி, நைலான் நூலால ஒரு கட்டு கட்டு. மேல போனதும் முடிச்சுக்கிட்ட இருக்கிற கம்பி சூடாயி நூலை அறுத்துடும். பட்டை தானா விரியும். விரிஞ்சாதான் அது அனுப்புற சத்தம் நம்ம ரேடியோல கேக்கும்."

கட்டினாள். பெட்டி போனது.

ராக்கெட் கிளம்பியதை லேப் டிவியில் பார்த்து எல்லோரும் கைதட்டியபோது இசைவாணியின் கை மட்டும் பாதியில் நின்றது. அன்றைக்குக் கட்டி முடித்த பிறகு கை சும்மா இருந்ததா? சூட்டுக் கம்பிக்கு எட்டாத இடத்தில் இன்னொரு சுற்று, இன்னொரு முடிச்சு... போட்டேனா? விரல்களைக் காற்றில் அசைத்துப் பார்த்தாள்; அவை தானாகவே இரண்டாவது முடிச்சையும் போட்டன. போட்டிருக்கிறாள்.

"சார், பழக்கதோஷத்துல ரெண்டாவதா ஒரு முடிச்சு போட்டுட்டேன் சார்."

தட்சிணாமூர்த்தியின் முகம் வெளிறியது. திட்டக்கூட இல்லை. "இனிமே எறக்கிப் பாக்க முடியாதும்மா" என்றார்.

பெட்டி தலைக்கு மேல் வரும்போதெல்லாம் ரேடியோவில் காதை வைத்தார்கள். வெறும் இரைச்சல். தீபாவளி போனது, அடைமழை வந்தது, இரைச்சல்தான்.

டிசம்பர் கடைசியில் 'தானே' என்று பேர் வைத்த புயல் வந்தது. அம்மா விரட்டியதில், அதே கையால் அப்பாவின் புதுப் படகைத் தென்னையில் கட்டி, மேலே இன்னொரு முடிச்சும் போட்டாள். காற்று ஓய்ந்து போய்ப் பார்த்தால், பக்கத்துப் படகுகள் புரண்டு கிடந்தன. இவர்களுடையது மட்டும் அப்படியே நின்றது.

அமராவதி மகளின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பாத்தியாடி? ரெண்டாவது முடிச்சுதான் காப்பாத்துச்சு."

இசைவாணி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். அங்கேயும் அது அவிழவில்லை.