லோஜினியின் வெற்றுக் கணினி

எழுதியவரின் மேசையில் மட்டும் ஓடும் மென்பொருளை முடிந்த வேலை என்று சொல்லலாமா? நாற்பது வயதில் லோஜினியின் முன்னால் இந்தக் கேள்வி வந்து நின்றது.

மலேசியத் தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தில் அவருக்கு வேலை. ஜெஞ்சாரோம் ஊர்ப் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலைக்காக, லோரிகளின் எடையைப் பதியும் மென்பொருளை ஓராண்டு உழைத்துத் தனியாளாக எழுதியிருந்தார். வியாழக்கிழமை காலை அதை ஆலைக் கணினியில் நிறுவியபோது திரையில் ஒரே வரிதான் வந்தது: தேவையான கோப்பு ஒன்று இல்லை.

எடைமேடைக் குமாஸ்தா லோகன் எட்டிப் பார்த்தான். "உங்க லேப்டாப்ல ஓடுதுல்ல அக்கா? அப்ப அதையே இங்க விட்டுட்டுப் போங்கலா."

லோஜினி சிரிக்கவில்லை. சனிக்கிழமைக்குள் ஓடாவிட்டால் பழைய மென்பொருளே போதும் என்று ஆலை மேலாளர் சொல்லியிருந்தார்.

இல்லாத கோப்பைத் தம் மடிக்கணினியிலிருந்து எடுத்துப் போட்டார். இன்னொன்று இல்லை என்றது. அதையும் போட்டார். மூன்றாவது ஒன்றைக் கேட்டது.

"ஏதாச்சும் வெப்சைட்ல சும்மா கிடைக்கும், டவுன்லோட் பண்ணுங்க."

"யார் போட்டதுன்னு தெரியாதத உங்க கம்ப்யூட்டர்ல ஏத்த மாட்டேன் தம்பி."

தவறு எங்கே என்று திரும்பும் வழியில் புரிந்தது. நிரல் எழுதும் கருவிகளை என்றோ நிறுவியபோதே, மென்பொருள் ஓடத் தேவையான துணைக் கோப்புகளும் அவர் கணினியில் வந்து உட்கார்ந்துவிட்டன. அவற்றின் தயவில் ஓடியதைத் தாம் எழுதிய திறத்தால் ஓடியதாக நினைத்திருந்தார்.

மறுநாள் அலுவலகத்தின் பழைய கணினி ஒன்றைத் துடைத்து, விண்டோஸ் தவிர எதுவும் இல்லாததாக்கினார். கருவிகளைத் தயாரித்தவர்களே வெளியிடும் துணைக் கோப்புத் தொகுப்பை அதில் நிறுவினார். அப்போதும் ஓடவில்லை. மாலையில்தான் பிடிபட்டது: எடைக்கருவியோடு பேசும் பகுதி பழைய 32 பிட் வகை, அவர் போட்டதோ 64 பிட் தொகுப்பு. சரியானதைப் போட்டதும் ஓடியது. கணினியை மறுபடி துடைத்து முதலிலிருந்து செய்தார். ஓடியது. மூன்றாம் முறையும் துடைத்தார்.

சனிக்கிழமை காலை, ஆலையில் பழக்குலை ஏற்றிய லோரி எடைமேடையில் ஏறியது. திரையில் எடை தெரிந்தது.

"வந்துருச்சுக்கா," என்று லோகன் அடுத்த லோரிக்குக் கை காட்டினான்.

அடுத்த மாதம் முதலாளி பிரகலாதன் அவரைத் தலைமை நிரலாளர் ஆக்குவதாகச் சொன்னார். லோஜினி வேண்டாம் என்றார். அலுவலகத்தில் எல்லாரும் தட்டிக்கழிக்கும் வேலையை, வாடிக்கையாளர் இடத்துக்கே போய் மென்பொருளை நிறுவித் தரும் வேலையை, கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் என்று பிரகலாதன் இரண்டு முறை கேட்டார். திங்கட்கிழமை கிள்ளான் வாடிக்கையாளரிடம் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று மட்டும் லோஜினி விசாரித்தார்.