பம்பரைப் பிடித்த கைகள்

புசல்லாவையில் பெரிய ரோட்டு ஓரத்தில் இருளப்பனின் கராஜ் இருக்கிறது. எதிர்ப்புறம் என் தேத்தண்ணிக் கடை. அவரிடம் அடி வாங்கியவர்கள் முகம் கழுவத் தண்ணீர் கேட்டு என்னிடம்தான் வருவார்கள்.

அவர் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த ஒற்றை அறை வரிசை வீடுகளில் பிறந்தவர். அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவின் தலையைச் சுவரில் மோதுவாராம். ஒருநாள் அந்தக் கையைப் பாய்ந்து கடித்து, சதையைத் துப்பியிருக்கிறார் இவர். அப்போது பால்பல் கூட முழுக்க விழவில்லை. வேலை பழகப் போன கண்டி கராஜில் முதலாளி ஸ்பேனரால் மண்டையில் போட்டார். அதே ஸ்பேனரைப் பிடுங்கி முதலாளியின் முழங்காலில் போட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். பேச்சு வராத இடத்தில் அவருக்குக் கை வந்துவிடும். இந்த மனிதருக்கு அமைதியைக் கொடு அல்லாஹ் என்று நானும் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டு வந்தேன்.

போன வருஷம் ஒரு பஸ் கண்டக்டரின் தாடையை உடைத்தார். நீதவான் சிறைத்தண்டனை கொடுத்து, அதை ஒத்திவைத்தார். இன்னொரு தடவை யார் மேலாவது கை வைத்தால் நேரே உள்ளே போக வேண்டியதுதான். அன்றிலிருந்து அவர் மனைவி பாலம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகவில்லை. கராஜிலேயே இருந்தாள்.

"இந்த மனுசன் கையக் காவல் காக்கிறதுதான், நானா, இனி என் வேல" என்பாள். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ரமேஸ் என்று ஒரு டிரைவர். பழைய ஜப்பான் கார் ஒன்றை நுவரெலியாவுக்கு வாடகை ஹயர் ஓட்டுகிறவர். எஞ்சினில் ஒயில் அழுத்தம் குறைந்தால் சிவப்பு விளக்கை எரிய வைக்கும் சென்சர் ஒழுகுகிறது என்று கொண்டு வந்தார். இருளப்பன் அதைக் கழற்றிப் புதிதாக ஒன்றைப் போட்டு அனுப்பினார்.

அடுத்த வாரம் அந்தக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ரம்பொடை ஏற்றத்தில் எஞ்சின் இறுகிப் போய்விட்டதாம்.

"நீ போட்ட சாமான் என் எஞ்சினத் தின்னுருச்சுடா!" ரமேஸ் இறங்கும்போதே கத்தினார்.

"மொதல்ல பாத்துருவோம் தம்பி." இருளப்பனின் குரல் தணிந்துதான் இருந்தது. பொனட்டைத் திறந்து சென்சரைக் கழற்றினார். அது கையால் திருகவே வந்துவிட்டது. அதன் திருகுப் புரி முழுக்க, தண்ணிக் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்.

"இத யாரு சுத்துனது?"

"நான்தான். நீ மாட்டுன பொறகும் எண்ணெ தெரிஞ்சிச்சு. அதான் கழட்டிச் சுத்துனேன்."

"அது பழைய ஒழுகல் தம்பி, தொடைக்காம விட்டது. இதுக்கு ஒத்த வயருதான். சாமான் எஞ்சின் இரும்புல தொட்டாத்தான் வெளக்கு எரியும். இம்புட்டு தடிப்பா சுத்துனா எங்க தொடும்? நீங்க சரியா இறுக்கவும் இல்ல. எண்ணெ பூராம் போயிருக்கு, வெளக்கு எரியல."

என் கடையில் பணிஸ் தின்றுகொண்டிருந்த ஒருவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "டிரைவரு காருக்குக் குழாய் வேல பாத்துருக்காருடோய்!"

எல்லோரும் சிரித்தார்கள். ரமேஸின் முகம் கறுத்தது. இருளப்பனின் பின்தலையைப் பிடித்துப் பொனட்டின் விளிம்பில் அடித்தார். உதடு கிழிந்து, பல் ஒன்று ரேடியேட்டர் மேல் தெறித்தது.

இருளப்பனின் கை தன்னால் மேலே போனதை நான் கண்டேன். போன கை அப்படியே இறங்கியது. குனிந்து, முன் பம்பரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அடிடா! ஊரையே அடிச்ச பயதானே நீ! பொண்டாட்டி சேலைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டியா?"

ரமேஸ் கத்திக்கொண்டே அவர் விலாவில் உதைத்தார். மறுபடி உதைத்தார். உள்ளே ஏதோ முறிகிற சத்தம் ரோட்டைத் தாண்டி எனக்குக் கேட்டது. பம்பரைப் பிடித்திருந்த விரல்களைச் சப்பாத்துக் காலால் மிதித்து நசுக்கினார். நானும் இன்னும் இரண்டு பேரும் ஓடிப் போய் இழுத்தோம். எங்களை உதறிவிட்டார்.

"பாலம்மா! என் கையப் புடிச்சுக்கடி! விட்றாத!" என்று இருளப்பன் அலறினார்.

பாலம்மா ஓடி வந்து அந்த இரத்தக் கைகளின் மேல் தன் கைகளை வைத்து அழுத்தினாள். ரமேஸ் அவளுக்கு மேலாகவே புருஷனின் முகத்தில் உதைத்தார். சூடான இரத்தம் அவள் கன்னத்தில் அடித்தது.

அவள் கையை விட்டாள். டயர் கழற்றும் லிவர் கம்பி பக்கத்தில் கிடந்தது. முதல் அடியில் ரமேஸின் தோள் எலும்பு போனது. இரண்டாவது அடி முழங்காலில். விழுந்தவரை மூன்றாவதாக அடிக்க ஓங்கியபோதுதான் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பொலிஸ் ஜீப் வந்ததும் இருளப்பன் தவழ்ந்தே முன்னால் போனார். "நான்தான் சார் அடிச்சேன். என்னயக் கூட்டிட்டுப் போங்க."

"பொய் சொல்றாரு சார். அடிச்சது நான்" என்றாள் பாலம்மா.

பொலிஸ் சார்ஜன்ட் இருளப்பனின் விரல்களைத் தூக்கிப் பார்த்தார். வீங்கிப் போய், ஒன்று கூட மடங்கவில்லை. "இந்தக் கையால எப்பிடி நீ கம்பி புடிச்சது?" என்று கேட்டுவிட்டு, ரமேஸை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி, பாலம்மாவை ஜீப்பில் ஏறச் சொன்னார்.

அவள் அழவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, "ஏங்க, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க. யாரு என்ன சொன்னாலும் கைய மட்டும் ஓங்கிறாதீங்க" என்றாள்.

ஜீப் போன பிறகு இருளப்பனின் வாயில் ஊறிய இரத்தத்தைத் துடைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூப்பிட்டேன். அவர் ஏற மறுத்தார்.

"நான் ஒரு அடி அடிச்சிருந்தா அவ போயிருக்க மாட்டா நானா."

 ஆட்டோவை முதலில் பாலம்மாவைக் கொண்டுபோன பொலிஸ் நிலையத்துக்குத் திருப்பச் சொல்லி, நானும் அவருடன் ஏறிக்கொண்டேன்.