படாளம் வருவதற்குள் ஒரு மாவட்டம்

ஜன்னல் கண்ணாடியில் வாயால் ஊதி, படிந்த ஈரத்தின் மேல் ஆள்காட்டி விரலை வைக்கிறார் அருணகிரி. விரல் பாலாற்றின் தென்கரையோடு கிழக்கே போகிறது. கடல் வந்ததும் நிற்பதுதான் நியாயம். ஆனால் அது சட்டென்று வடக்கே வளைந்து, மாமல்லபுரத்தையும் சுருட்டி உள்ளே இழுத்துக்கொண்டுதான் திரும்பும்.

"கோயிலு, கடலு, வெள்ளக்காரன் வர்ற எடம். அத வுட்டுட்டு மாவட்டம் இன்னாத்துக்கு?" என்பார், யாரும் கேட்காமலே.

மறைமலைநகரில் கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையொன்றில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறார். ஐம்பதைத் தாண்டிய வயது. காதைச் சுற்றி மப்ளர், மடியில் சாப்பாட்டுப் பை, வலது முட்டியில் டாக்டர் மாட்டச் சொன்ன பெல்ட். விடிவதற்கு முன் அச்சரப்பாக்கத்தில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால், படாளம் வருவதற்குள் ஒரு புது மாவட்டத்துக்கு எல்லை போட்டு, மதுராந்தகத்தைத் தலைமையிடமாக்கி, அச்சரப்பாக்கத்துக்கு ஒரு தாலுகாவும் கொடுத்து முடித்துவிடுவார். படாளத்தில் பூபாலன் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைக் கையால் அந்த மாவட்டத்தைத் துடைப்பான். இது தினமும் நடக்கும்.

அருணகிரியின் கொள்கை எளிமையானது. அரசாங்கம் என்பது நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு பட்டா விவகாரமாகக் காஞ்சிபுரத்துக்கு அலைந்த காலத்தில் பிறந்த கொள்கை அது. போன நாளெல்லாம் லீவு. பார்க்கப்போன அதிகாரிக்கும் பெரும்பாலும் லீவு. செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது பஸ்ஸில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தவர் அவர்தான். அடுத்த வாரமே, இன்னும் கிட்ட வரணும் என்று ஆரம்பித்துவிட்டார்.

பூபாலனுக்கு அவன் கவலை. படாளத்துக்காரனுக்கு ஆற்றைத் தாண்டினால் செங்கல்பட்டு. அவனை எதற்குப் பின்பக்கமாக மதுராந்தகத்துக்குத் திருப்பிவிட வேண்டும்?

"நீ எல்லையில கீறடா. எல்லையில கீறவன் கொஞ்சம் அனுசரிச்சிதான் போவணும்."

"அதுக்கு உன் வூட்டு மாடியிலயே கலெக்டர் ஆபீஸ வச்சிக்கோண்ணா."

"வாடகை குடுத்தா வச்சிக்கலாம். ஊர்க்காரனுக்கு நடக்கற தூரம்தான?"

போன மாதம், இப்படிப் பேசிக்கொண்டிருந்தவர் கையில் நிஜமாகவே ஓர் அதிகாரம் வந்து விழுந்தது. பஸ் தினமும் தாமதமாக வருகிறது, வழியில் ஒரு நிறுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்றது கம்பெனி. எதை என்று தொழிலாளர்களே பேசி, சனிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் கம்பெனியே ஒன்றை எடுத்துவிடும். முடிவெடுக்கும் பொறுப்பை பஸ்ஸே ஒரே குரலில் அருணகிரியின் தலையில் கட்டியது. கீழ்மட்டத்துக்கு அதிகாரம் கொடு என்று இத்தனை வருஷம் கத்தியவர் ஆயிற்றே.

ஒரே நாளில் ஆள் மாறிப்போனார். மப்ளரை எடுத்துவிட்டுத் தலை சீவி வந்தார். மூவர் குழு ஒன்று அமைத்தார். அதில் பரனூர் டோல்கேட் வரை கண் திறக்காத பார்த்தசாரதியையும் சேர்த்தார். தூக்கத்தில்கூட எந்தப் பக்கமும் சாயாத மனிதர் என்பது காரணம். மதுராந்தகத்துக்காரர்கள் தங்கள் நிறுத்தத்தில்தான் கூட்டம் அதிகம் என்று முறையிட்டபோது, "பரிசீலனைல கீது" என்றார். செங்கல்பட்டுக்காரர்கள் கேட்டபோதும் அதையே சொன்னார். இப்படியே புதன்கிழமை ஆனது.

ஒற்றை ஆள் மட்டும் ஏறுகிற நிறுத்தம் அந்த வழியில் இரண்டுதான். ஒன்று, மதுராந்தகத்துக்கும் படாளத்துக்கும் நடுவில் வயல்காட்டிலிருந்து ஒரு மண்சாலை வந்து ஜி.எஸ்.டி ரோட்டில் சேருமிடம். அங்கே அசெம்பிளி லைனில் வேலை பார்க்கும் ஜெயப்பிரியா ஏறுவாள். கிராமத்திலிருந்து செல்போன் வெளிச்சத்தில் நடந்து வந்து, பஸ் வரும்வரை ஒரு மைல்கல் மேல் உட்கார்ந்திருப்பாள். அந்நேரத்துக்கு டவுன் பஸ்ஸும் இல்லை, ஷேர் ஆட்டோவும் இல்லை. அந்த நிறுத்தம் போனால் வேலையும் போயிற்று. அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்பது பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று அருணகிரியின் தெருமுனை. அச்சரப்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குச் சற்று முன்னால். எப்போதோ ஒரு பழைய டிரைவர் நட்புக்காக அங்கே பிரேக் போட, அது நிலைத்துவிட்டது. இதுவும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் வாய் திறக்கவில்லை. குழுவின் தலைவர் அவர், முட்டிவலிக்காரரும் அவர்தான்.

வெள்ளிக்கிழமை ஜெயப்பிரியா எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றவர்களைப்போல மனுவெல்லாம் கொண்டுவரவில்லை.

"அண்ணா, நீங்க ஆபீஸெல்லாம் நடக்கற தூரத்துல வோணும்னு சொல்றீங்க. எனக்கு வேலைக்குப் போற பஸ்ஸு நடக்கற தூரத்துல நின்னா போதும்."

அருணகிரி தொண்டையைச் செருமினார். "ஆவன செய்யப்படும்மா" என்றார். சொன்ன பிறகுதான், காஞ்சிபுரத்து ஆபீஸ் ஜன்னல் வழியாகத் தன்னிடம் பேசிய அதே குரல் அது என்று அவருக்கே உறைத்தது.

அவள் போய் உட்கார்ந்தாள். படாளத்தில் ஏறிய பூபாலன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டான். வழக்கம்போல் துடைப்பதற்குக் கண்ணாடியில் அன்று ஒன்றும் இல்லை.

"இன்னாண்ணா, கடல் வரைக்கும் எல்லை போடற. உன் தெருமுனை மட்டும் கண்ணுக்குத் தெரியலயா?"

"அது தெருமுனை இல்லடா. தலைமையிடம்."

பஸ் சிரித்தது. பார்த்தசாரதிகூட ஒரு கண்ணைத் திறந்தார். அருணகிரியும் சிரித்துவைத்தார். ஆனால் பாலாற்றுப் பாலம் தாண்டி, செங்கல்பட்டு தாண்டி, கம்பெனி வாசல் வரை கண்ணாடியில் ஊதுவதும், எதையும் வரையாமல் தானே துடைப்பதுமாக இருந்தார்.

சனிக்கிழமை மதியம், போக்குவரத்தைக் கவனிக்கும் அதிகாரியிடம் நான்காக மடித்த தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தார். சாயங்காலம் திரும்பும்போது ஆளாளுக்குக் கேட்டார்கள். முறைப்படி டிரைவருக்கு ஆணை வரும் என்பதோடு நிறுத்திக்கொண்டார். மண்சாலையில் இறங்கும்போது ஜெயப்பிரியா ஒருமுறை அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் டிபன் கேரியரின் கொக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை விடிகாலை. டிரைவர் கருப்பன் ஹெட்லைட் வெளிச்சத்தில் தெருமுனையைப் பார்த்துப் பழக்கத்தில் காலை பிரேக்குக்குக் கொண்டுபோனான். அவனுக்கு மட்டுமா பழக்கம்? மப்ளரும் பையுமாக அருணகிரி அங்கே நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸைக் கண்டதும் வெயிலில் நிற்பவரைப்போல நெற்றிக்கு மேல் கை வைத்தார். எங்கே நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

கருப்பன் கதவைத் திறந்தான். தாளில் நீக்கச் சொல்லியிருந்த நிறுத்தம் அதுதான். அவர் கையெழுத்தில், அவர் தெருவின் பெயர். இருந்தாலும் மனிதனுக்கு மனிதன் பாவம் பார்க்காமல் எப்படி?

"ஏறுண்ணா. இருட்டுல எந்த கலெக்டர் பாக்கப்போறான்?"

அருணகிரி படியைப் பார்த்தார். பிறகு, இனி நடந்துபோய் ஏற வேண்டிய பஸ் ஸ்டாண்டின் விளக்கைப் பார்த்தார். முட்டியில் பெல்ட்டை ஓர் இழுப்பு இழுத்துவிட்டுக்கொண்டார். எட்டி பஸ்ஸின் பக்கவாட்டில், கண்டக்டர் 'போலாம் ரைட்' என்று தட்டுவதுபோல, உள்ளங்கையால் பலமாக இரண்டு தட்டு தட்டினார்.