அகலமான கதவு

பிளாஸ்டிக் கட்டைகளால் சொந்தமாக மாதிரிகள் கட்டும் எங்கள் குழு பெர்மாஸ் ஜெயாவில் கூடியிருந்தது. நான் சிறுவயதில் வளர்ந்த, சாஆ என்ற ஊரின் தோட்டத் தொழிலாளர் வீட்டைக் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். நண்பன் சிவா குனிந்து பார்த்தான்.

"கதவு ரொம்ப அகலம் லா. வீட்டு அளவுக்கு ஒத்து வரல."

"எங்க வீட்டுக் கதவே அப்படித்தான்டா."

மோட்டார் சைக்கிள் திருடு போய்விடும் என்ற பயத்தில், தோட்ட நிர்வாகத்தின் வீடென்றும் பாராமல், அப்பா கதவு நிலையை அறுத்து அகலமாக்கியிருந்தார். வேலை விட்டு வந்ததும் பலகை போட்டு மோட்டாரைக் கூடத்துக்குள் ஏற்றுவார். அந்தப் பெட்ரோல் வாசனையில்தான் நாங்கள் வீட்டுப்பாடம் எழுதினோம்.

"இது வீடா, பட்டறையா?" என்று திட்டிக்கொண்டே, எண்ணெய் சொட்டும் இடத்தில் அம்மா ஒரு பழுப்பு அட்டையை விரிப்பார்.

அப்பா இறந்ததும் மோட்டாரை மாமா எடுத்துப் போனார். அட்டையை அம்மா எடுக்கவில்லை. கூட்டும்போது தூக்குவார், கூட்டி முடித்ததும் அதே இடத்தில் போடுவார்.

சிவா தன் டப்பாவைக் கிளறி ஒரு குட்டி மோட்டாரை நீட்டினான். "இத உள்ள வச்சிரு, எல்லாருக்கும் புரியும்."

கதவுக்குள் அது சரியாக நுழைந்தது. வெளியே எடுத்து அவனிடமே கொடுத்துவிட்டு, பழுப்பு நிறத்தில் தட்டையான கட்டை ஒன்று இருக்குமா என்று கேட்டேன்.